நவம்பர் 6 வரைதான் வேலை: ஒபாமா டெக் டீமுக்கு ஆள் பிடித்த கதை

ஹார்ப்பர் ரீட், சிகாகோவில் ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கும் த்ரெட்லெஸ் நிறுவனத்தின் முன்னாள் சி.டி.ஓ. தேர்தல் வேலை அவருடைய தொழிலே இல்லை. ஆனாலும் 2011-ல் ஒபாமாவின் மறுதேர்தல் பிரசாரத்துக்கு அவரைத்தான் சி.டி.ஓ-வாக எடுத்தார்கள்.

ஏன் வெளியாள்? அந்தப் பாடம் முந்தைய தேர்தலிலேயே கிடைத்துவிட்டது. கூகுளில் இருந்து வந்த டான் சிரோக்கர், 2008 பிரசார இணையதளத்தின் முகப்புப் பக்கத்தைப் பல வடிவங்களில் மக்களுக்குக் காட்டிப் பார்த்தார். டீமில் இருந்தவர்களுக்குப் பிடித்தது வீடியோ. ஜெயித்ததோ ஒபாமா குடும்பத்தின் சாதாரண போட்டோவும், 'மேலும் அறிய' என்ற பட்டனும்! பக்கத்துக்கு வந்தவர்களில் பதிவு செய்தவர்கள் 8.26 சதவீதத்தில் இருந்து 11.6 சதவீதமானார்கள்.

அதனால் 2012-ல் வெளி நிறுவனங்களை மட்டும் நம்பாமல் சொந்த டீம். கூகுள், ஃபேஸ்புக், ட்விட்டரில் வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். சிலிக்கான் வேலி சம்பளம் கிடையாது, கம்பெனி ஷேரும் கிடையாது. தேர்தல் முடிஞ்சா வேலையும் காலி.

வந்ததும் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கும் களப்பணியாளர்களுக்கு ஆப் இப்பவே வேணும். கோடு எழுதுகிறவர்களோ அவகாசம் கேட்டார்கள். இந்த உரசல் மாதக்கணக்கில் நீடித்தது.

கைகொடுத்தது ஒத்திகைதான். அக்டோபர் 21 அன்று வேண்டுமென்றே சிஸ்டங்களை முடக்கி, எப்படி மீட்பது என்று பழகினார்கள். மறுநாளே அமேசான் கிளவுட் நிஜமாகவே படுத்துவிட்டது! டீம் பதறாமல் சமாளித்தது.

எதிரணியில் ராம்னி தரப்பும் 'ஓர்கா' என்ற செயலியைத் தயாராக வைத்திருந்தது. யார் யார் ஓட்டு போட்டுவிட்டார்கள் என்று வாக்குச்சாவடியில் இருந்தே தகவல் அனுப்புவதற்கானது. நவம்பர் 6 அன்று பாஸ்வேர்டு சிக்கலால் தொண்டர்கள் பலரால் உள்ளேயே நுழைய முடியவில்லை. ராம்னி தோற்றது இதனால் மட்டும் என்று சொல்ல முடியாது. ஆனா அந்த ஒருநாள் போனா போனதுதான்.

தேர்தல் முடிந்ததும் ஒபாமா டீம் கலைந்தது. எழுதிய கோடை எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்றார்கள் இன்ஜினீயர்கள் சிலர். ஜனநாயகக் கட்சித் தரப்பு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.