வண்ணத்துக்குள் ஒரு வெட்டுக்கிளி

கொஞ்சம் குனியுங்கள். இன்னும் கொஞ்சம். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாயிற்றா? பச்சையும் பழுப்புமாகத் தடித்த வண்ணத் திட்டுகள் தெரியும். அவற்றுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது பிரஷ் முடி இல்லை. கால்! வின்சென்ட் வான்கோ 1889இல் வரைந்த ‘ஆலிவ் மரங்கள்’ ஓவியத்தில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக யார் கண்ணிலும் படாமல் ஒரு வெட்டுக்கிளி குடியிருந்திருக்கிறது.

அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் உள்ள நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் 2017இல்தான் இது பிடிபட்டது. ஓவியப் பாதுகாப்பு நிபுணர் மேரி ஷேஃபர் முதலில் ஏதோ இலைத் துணுக்கு என்று நினைத்தாராம். பிறகு பூச்சியியல் வல்லுநரை அழைத்து ஒரு மரண விசாரணையே நடந்தது. மார்பும் வயிறும் காணோம். சுற்றியுள்ள வண்ணத்தில் துடித்த தடயமும் இல்லை. ஆக, செத்த பிறகுதான் பூச்சி அங்கே வந்து ஒட்டியிருக்கிறது. வான்கோ நிரபராதி!

அவருக்கு இது புதிதும் இல்லை. வெளியில் உட்கார்ந்து வரைந்த கேன்வாஸ்களிலிருந்து நூறு ஈக்களுக்கு மேல் பொறுக்கியெடுத்ததாக 1885லேயே தம்பி தியோவுக்கு எழுதியிருக்கிறார். தூசியும் மணலும் தனிக் கணக்கு.

இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பல் டாக்டரின் வரவேற்பறை, அங்கே மாட்டியிருக்கும் அல்லிக்குளம், ஒரு அலாதியான அமைதி. போகிற போக்கில் தீற்றியதுபோல இருக்கும் அந்தப் படங்களின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தால் ஒரே கூத்து. 1874 ஏப்ரல் 15 அன்று பாரிஸில், புகைப்படக்காரர் நதாரின் பழைய ஸ்டுடியோவில் இந்தக் கூட்டம் முதல் கண்காட்சியைத் திறந்தபோது, ஒரு ஃபிராங்க் கொடுத்து உள்ளே போன பலர் ‘இவை முடிக்காத படங்கள்’ என்று சிரித்தார்கள். முடிப்பதற்குள் இவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது.

இவர்களை வெயிலுக்கு இழுத்துவந்ததில் டியூபுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன்பு கலந்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். ஆணியால் குத்திப் பிதுக்கி, அந்த ஆணியையே செருகி அடைக்க வேண்டும். பையில் போட்டுக்கொண்டு நடந்தால் வெடித்துவிடும் அபாயம் வேறு. 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வெள்ளீய டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு ஓவியர்கள் ஆற்றங்கரை, கடற்கரை, ரயில் நிலையம் என்று எங்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

கடற்கரை என்றதும் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் ஒரு சின்னப் படத்தைச் சொல்லியாக வேண்டும். க்ளோத் மோனே 1870 கோடையில் வரைந்த ‘ட்ரூவில் கடற்கரை’. அப்போதுதான் கமீயைக் கல்யாணம் செய்திருந்தார். குடை பிடித்த இரண்டு பெண்கள், நடுவே ஒரு நாற்காலி, முகத்தில்கூட நாலே தீற்றல். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் வண்ணத்துக்குள் மணல் துகள்களும் சிப்பித் துணுக்குகளும் கிடக்கின்றன. காற்று வீசிப் போட்ட அன்றைய ட்ரூவில் மணல்! படம் ஸ்பாட்டிலேயே வரையப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மோனேயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. எனக்கு அதில் விருப்பமும் இல்லை. 1866இல் ‘தோட்டத்தில் பெண்கள்’ வரையும்போது வயது இருபத்தைந்து. கேன்வாஸின் உயரம் இரண்டரை மீட்டர். மேல்பகுதியை வரைய ஏணி போட்டால் பார்வைக் கோணம் மாறிவிடுமே? தோட்டத்தில் பள்ளம் வெட்டினார். கப்பி கட்டிக் கேன்வாஸைப் பள்ளத்துக்குள் இறக்கி, தான் நின்ற இடத்திலேயே நின்று வரைந்தார். மறு வருஷம் அரசாங்கக் கண்காட்சியான சலோன் படத்தை நிராகரித்தது. நண்பர் பஸீய் 2,500 ஃபிராங்க் விலை பேசி, மாதம் ஐம்பது வீதம் தவணையில் வாங்கிக்கொண்டார். நண்பன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

1885 நவம்பரில் எத்ரதா கடற்கரைப் பாறைகள். கடல் வற்றும் நேரம் என்று தப்புக் கணக்குப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு வேலையில் மூழ்கியிருந்தார். ஒரு பேரலை வந்து பாறையில் அடித்து, சாமான்களோடு சேர்த்துக் கடலுக்குள் இழுத்தது. ஆள் தவழ்ந்து கரையேறிவிட்டார். தட்டிலிருந்த நீலமும் மஞ்சளும் தாடி முழுக்க. உயிர் தப்பியதைவிடப் படம் போனதுதான் அவருக்குப் பெரிய துக்கமாக இருந்திருக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது ஓக் மரக் கதைதான். 1889இல் ஃப்ரெஸெலின் என்ற ஊரில் ஒரு கிழட்டு ஓக் மரத்தைக் குளிர்கால மொட்டைக் கோலத்தில் வரைய ஆரம்பித்தார். மழை விடவில்லை, வேலை இழுத்துக்கொண்டே போனது. மே மாதம் வந்தது. மரம் தன் பாட்டுக்குத் துளிர்த்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். மோனே நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கி, காசு கொடுத்து, ஆட்களை வைத்து, பள்ளத்தாக்குக்குள் பெரிய பெரிய ஏணிகளை இறக்கி, மரத்தின் இலைகளை எல்லாம் பறிக்க வைத்தார். வசந்தத்தின் நடுவே வாடகைக்கு ஒரு குளிர்காலம்! இயற்கையை உள்ளபடி வரைகிறவர் என்று பெயரெடுத்த மனிதர் இவர்.

1891இல் எப்த் நதிக்கரை பாப்லர் மரங்களை ஏலம் விட்டபோதும் இதே பிடிவாதம். மர வியாபாரிக்குப் பணம் கொடுத்து, ‘நான் வரைந்து முடிக்கும்வரை வெட்டாதே’ என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். படகில் உட்கார்ந்து, கல்யாண வீட்டில் பந்தி மாற்றுவதுபோலக் கேன்வாஸ்களை மாற்றி மாற்றி வரைந்தார். அவற்றில் ஒரு படத்துக்கான வெளிச்சம் ஏழே நிமிஷம்தான் நீடிக்கும், ஒரு குறிப்பிட்ட இலையைவிட்டு வெயில் விலகியதும் பிரஷைக் கீழே வைத்துவிடுவார் என்று அக்கம்பக்கத்தில் குடியிருந்த அமெரிக்க ஓவியர் லில்லா கேபட் பெர்ரி எழுதிவைத்திருக்கிறார். ஏழு நிமிஷம்!

ருவான் தேவாலயத் தொடரையும் சொல்லிவிடுகிறேன். எதிரே இருந்த துணிக்கடையின் ஜன்னலோரம்தான் வரைய இடம் கிடைத்தது. பெண்கள் உடை அளவு பார்க்க வரும் கடை. அங்கே தாடிக்காரர் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது? குறுக்கே ஒரு தடுப்பு வைத்துவிட்டார்கள். தடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வரைந்தார். இரவில் அந்தத் தேவாலயமே நீலமும் ரோஜாவும் மஞ்சளுமாகத் தன் மேல் இடிந்து விழுவதுபோலக் கனவு. பாவம்.

எட்கர் டெகா இந்த வெயில் வேலைக்கெல்லாம் வரமாட்டார், அறைக்குள்தான் எல்லாம். ஆனால் எக்ஸ்ரே அவரையும் விட்டுவைக்கவில்லை. 1881இல் காட்சிக்கு வைத்த ‘பதினான்கு வயது நடனச் சிறுமி’ மெழுகுச் சிலையின் கைக்குள் எலும்புக்குப் பதிலாக என்ன தெரியுமா? பழைய பெயின்ட் பிரஷ்கள்!

அடுத்து வந்தவர்களுக்குக் கண நேர வெளிச்சம் மட்டும் போதவில்லை. 1910இல் லண்டனில் ரோஜர் ஃப்ரை கண்காட்சி நடத்தியபோதுதான் இவர்களுக்கு ‘போஸ்ட்-இம்ப்ரெஷனிஸ்ட்’ என்ற பெயரே கிடைத்தது. செஸான், வான்கோ, கோகன், சூரா நால்வரும் அப்போது உயிரோடு இல்லை. பெயர் வைத்ததைத் தெரிந்துகொள்ளாமலே போய்ச்சேர்ந்துவிட்டார்கள்.

இதில் ஜார்ஜ் சூரா அழுத்தமான ஆசாமி. புள்ளி புள்ளியாக வைத்து, மூன்று மீட்டர் அகலத்துக்கு ‘லா கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்’ வரைந்தவர். கரையில் புல் வளர்ந்து படகை மறைக்கிறதே என்று அவர் புலம்ப, நண்பர் ஆங்ராந்த் புல்லை வெட்டிக் கொடுத்தாராம். சொந்த விஷயத்தில் வாயே திறக்கமாட்டார். மாத்லேன் என்ற பெண்ணோடு வாழ்வதையே நண்பர்களிடம் சொல்லவில்லை. அவள் பவுடர் போடும் காட்சியை ஒரு படமாக வரைந்தார். அது இப்போது லண்டன் கோர்ட்டோல்ட் கேலரியில் இருக்கிறது. மூலையில் மூங்கில் சட்டத்துக்குள் ஒரு பூச்சாடி தெரியும். அந்தப் பூவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கதிர்களைச் செலுத்திப் பார்த்தார்கள். சூராவேதான்! பிரஷும் கையுமாக வரைந்துகொண்டிருக்கிறார். வண்ணத்தில் அவர் தன்னை வரைந்ததாகத் தெரிந்த ஒரே படம், அதையும் பூவால் மூடிவிட்டார். முப்பத்தொரு வயதில் 1891இல் போய்விட்டார்.

நாம் பார்க்கும் வண்ணமாவது அவர்கள் வைத்ததுதானா? அதுவும் இல்லை. சூராவின் புல்வெளியில் பளிச்சிட்ட துத்தநாக மஞ்சள் சில வருஷங்களிலேயே பழுப்பேறிவிட்டது. வான்கோவின் ‘படுக்கையறை’யில் நீலச் சுவர் என்று நாம் ரசிக்கிறோம், அவர் பூசியது வெளிர் ஊதா. நீலத்தோடு கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துவிட்டது. இத்தனைக்கும் எந்த நிறத்துக்கு எது ஜோடி என்று பார்க்க, வண்ண வண்ணக் கம்பளி நூலைச் சேர்த்துச் சுற்றி உருண்டைகளாக வைத்திருந்த மனிதர். அந்தப் பெட்டி ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது.

போல் செஸானோ இவர்கள் எல்லோரையும்விட நிதானம். ஆப்பிளை மேசையில் வைத்து, சரியான சாய்வு வருவதற்கு அடியில் காசுகளைச் செருகுவார். வரைந்து முடிவதற்குள் பழம் அழுகிவிடும். பூக்களுக்குப் பதில் காகிதப் பூ. 1899இல் ஓவிய வியாபாரி வொல்லார் அவரிடம் வந்து மாட்டிக்கொண்டார். பெட்டி மேல் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார் செஸான். ஒருநாள் வொல்லார் தூங்கி வழிந்து, நாற்காலியோடு கீழே விழுந்தார். அடி பட்டதா என்று விசாரித்தாரா? ஆப்பிள் அசையுமா என்று திட்டினார்! இப்படி 115 அமர்வுகள் ஆனதாக வொல்லாரே எழுதியிருக்கிறார். கடைசியில், சட்டையின் முன்பக்கம் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு செஸான் ஊருக்குக் கிளம்பினார்.

அந்த உருவப்படத்தின் கையில் இரண்டு இடங்களில் மட்டும் வண்ணம் படவில்லை. வொல்லார் அதைச் சுட்டிக்காட்டினார். ஏதாவது ஒரு வண்ணத்தை அங்கே குருட்டாம்போக்கில் வைத்தால் அந்த இடத்திலிருந்து படம் முழுவதையும் மறுபடி வரைய வேண்டிவரும் என்று பதில் வந்தது. 115 முறை உட்கார்ந்த மனிதர் அதற்கு மேல் வாயைத் திறந்திருப்பாரா என்ன? பாரிஸின் பெட்டி பலே அருங்காட்சியகத்துக்குப் போனால் முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கையைப் பாருங்கள்.