எந்த நரம்பு நோகின்றது?

நரம்பு என்னுஞ் சொல்லுக்குத் தமிழிற் பொருள் பல. யாழிற் பூட்டிய தந்தியும் நரம்பு. இலையிலே கிளைத்தோடும் கோடும் நரம்பு. முதியவர் புறங்கையிற் பச்சையாகப் புடைத்து நிற்கும் குருதிக் குழாயையும் நரம்பு என்றே நம் ஊரவர் சொல்வர். குதிக்காலின் மேலே கயிறுபோலத் தட்டுப்படும் தசைநாணும் அவர்க்கு நரம்புதான். மூளைக்கும் விரலுக்கும் இடையே உணர்ச்சியைக் கொண்டு செல்லும் மெல்லிய இழையும் நரம்பே. சொல் ஒன்று, பொருள் ஐந்து. இலக்கியம் பயில்வோர்க்கு இது சொல்வளம். நோயுற்றவர்க்கோ இதுவே மயக்கத்துக்கு இடமாகிவிடுகின்றது.

இதனை யான் நிகண்டிற் கற்கவில்லை. என் வலக்கையிற் கற்றேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், தவணைப் பரீட்சை விடைத்தாள்களை இரவிரவாகத் திருத்திய காலத்தில், நள்ளிரவிலே கை விறைத்து விழித்தெழுவது எனக்கு வழக்கமாயிற்று. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றிலும் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஓர் உளைவு. எழுந்திருந்து கையை உதறினாற் சற்றே தணியும். இல்லாள் வேலியோரத்து நொச்சியிலையைப் பறித்து, வதக்கி, துணியில் முடிந்து ஒற்றடம் கொடுத்தார். நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தடவினார். இதம் பிறந்தது, உறக்கமும் வந்தது. ஆயினும் மறுநாள் இரவு விறைப்பு மீண்டும் வந்தது. நரம்புத் தளர்ச்சி என்றார் ஒருவர். வாதம் என்றார் மற்றொருவர். வாதநோய் எண்பது என்பது நம் வைத்திய மரபின் கணக்கு. அவ்வெண்பதுள் இஃது எது என்று சொல்வார் இலர்.

ஈற்றில், எங்கள் ஊர்ச் சித்த வைத்தியரிடம் சென்றேன். அவர் என் கையைப் பற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சின்னவிரலும் விறைக்கிறதோ, பண்டிதர் ஐயா?” இல்லை என்றேன். “நோவுக்கு எண்ணெய் தருகிறேன். ஆனால் இது எண்ணெயோடு முடிகிற காரியமோ என்று ஆஸ்பத்திரியிலும் ஒருக்காற் காட்டிவிடுங்கள்” என்றார். சின்னவிரலுக்கும் இந்நோய்க்கும் என்ன தொடர்பு? அதனை அறிந்தால் மூலிகையின் எல்லையும் விளங்கிவிடும்.

மணிக்கட்டின் உட்புறத்திலே ஒரு சிறு சுருங்கை உண்டு. சுருங்கை என்பது கரந்து செல்லும் கீழ்வழிக்குப் பழந்தமிழர் வழங்கிய சொல். மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகள் வில்போல் வளைந்து அதற்குத் தளமும் சுவருமாகின்றன. தடித்த நார்ப்பட்டி ஒன்று குறுக்கே பாய்ந்து கூரையாகின்றது. இவ்வழியே விரல்களை மடக்கும் தசைநாண்கள் ஒன்பதும் ஒரே ஒரு நரம்பும் செல்கின்றன. அந்நரம்பே நடு நரம்பு எனப்படுவது. எலும்பு இளகாது, கூரையும் எளிதில் நெகிழாது. ஆதலின், தசைநாண்களைச் சூழ்ந்த உறை சிறிது தடித்தாலும், உடலில் நீர் தேங்கினாலும், இடம் போதாமல் நசுங்குவது மென்மையான நரம்பே. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றின் உணர்ச்சி இந்நரம்புக்குரியது. சின்னவிரலின் நரம்பு இச்சுருங்கையினூடே செல்வதில்லை. வைத்தியரின் கேள்விக்குப் பொருள் இதுவே.

1981 இல் வெளியான ஓர் அளவீட்டிலே, நோயற்றோரின் சுருங்கையிற் சராசரி அழுத்தம் 2.5 மில்லிமீற்றர் இரசமாகவும், நோயுற்றோரில் 32 ஆகவும் இருந்தது. நோயுற்றோர் மணிக்கட்டை மடக்கியபோது அது 90 ஐயுங் கடந்தது. உறக்கத்திற் பலரும் கையை மடக்கியே படுக்கின்றோம்; இரவில் நோவு மிகுவதற்கு இது முக்கிய காரணம். பெண்களிடத்தும், கருவுற்ற காலத்தும், நீரிழிவு, தைரொயிட்டுச் சுரப்புக் குறைவு, மூட்டுவாதம் ஆகியன உடையாரிடத்தும் இந்நோய் மிகுதி. விசையோடு ஓயாது கையாற் செய்யும் தொழில்களும் இதனைத் தூண்டும்.

நரம்பு இவ்வாறு நசுங்குவதை இங்கிலாந்தின் ஜேம்ஸ் பாஜெற் 1854 இல் விவரித்தார். அக்காலத்திலே மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் நம் இளைஞர்க்கு மேலை மருத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தார். அவருடைய உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரில் 1872 இல் தமிழில் வெளிவந்தது. யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ மரபைத் தாங்கிய ‘பரராசசேகரம்’ என்னும் நூலைக் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பதிப்பித்து உதவினார். உடலின் அமைப்பைக் கூறும் நூலும் மூலிகையின் குணத்தைக் கூறும் நூலும் நம் மண்ணில் ஒருங்கே வழங்கின. ஒன்றைக் கொண்டு மற்றதை ஒதுக்கவேண்டும் என்ற நியதி இல்லை.

இனி, நம் வீட்டு மருந்துகளை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

நொச்சி ஒற்றடத்தின் வெப்பம் பிடித்த தசையைத் தளர்த்தும். அவ்விலையின் சாறு வீக்கத்தையும் நோவையும் தணித்தமை ஆய்வுகூட விலங்குகளிற் காணப்பட்டுள்ளது. விறைத்த கையிற் சூடு தெரியாது என்பதை மட்டும் மறத்தலாகாது. ஒற்றடத்தின் சூட்டை மற்றக் கையாற் பார்த்தே வைத்தல் வேண்டும். முடக்கொற்றானின் பெயர் முடக்கை அறுப்பது என்னும் பொருளது. மூட்டுப் பிடிப்புக்கு அதனை இரசமாக்கி உண்பது நம்மவர் வழக்கம். உணவாக அது நன்றே. ஆயினும் பெயர்ப்பொருள் மருந்துக்குச் சான்றாகாது என்பதைப் பண்டிதனாகிய யானே ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

மஞ்சளும் இஞ்சியும் அழற்சியைத் தணிப்பன என்பர். மஞ்சளின் சத்து உடலிற் சேர்வது அரிது. மிளகின் சத்து உடன் சேரின் அது பன்மடங்காகும் என 1998 இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியது. கறியில் மஞ்சளோடு மிளகு சேர்த்த நம் முன்னோரை வியக்கலாம். ஆனால் சுருங்கையினுள்ளே பெரும்பாலும் காணப்படுவது அழற்சியன்று, உறையின் தடிப்பே. அதனாலேதான் அழற்சி தணிக்கும் மேலை மாத்திரைகளும் இந்நோயிற் பெரும்பயன் தருவதில்லை. மேலும், கறியின் மஞ்சள் வேறு. குளிகையிற் செறித்த மஞ்சட் சத்து வேறு. மிளகுச் சத்தோடு கூடிய அத்தகைய குளிகைகளால் ஈரல் பாதிப்புற்றோர் அண்மைக் காலத்தில் அறியப்பட்டுள்ளனர். குருதி உறையாமற் காக்கும் மருந்து உண்போர் வைத்தியரைக் கேளாது அவற்றைத் தொடலாகாது.

மேற்பூச்சுகளுள் ஓரளவு நல்ல சான்று உடையது ஆளிவிதை எண்ணெய். ஈரான் நாட்டிலே நூறு நோயாளர்களைக் கொண்டு செய்த சோதனை 2014 இல் வெளியாயிற்று. நான்கு வாரம் அவ்வெண்ணெயைப் பூசியோர்க்குப் போலியெண்ணெய் பூசியோரைவிட நோவும் விறைப்பும் குறைந்தன. ஆனால் இரண்டு செய்திகளை உடன் சொல்லுதல் வேண்டும். இரு திறத்தாரும் இரவிலே மணிக்கட்டை நேராக நிறுத்தும் தாங்குபட்டை அணிந்திருந்தனர்; அவர்கள் நோயும் இளநிலையிலோ இடைநிலையிலோதான் இருந்தது. எண்ணெய் துணையாக நின்றதேயன்றித் தனித்து நின்றதன்று.

விற்றமின் பீ-6 மாத்திரை இந்நோயைத் தீர்க்கும் என்ற கருத்து 1970களில் அமெரிக்காவில் எழுந்தது. பின்னர் நிகழ்ந்த சோதனைகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. அதுமட்டுமன்று, அவ்விற்றமினை அளவுகடந்து உண்டோரின் நரம்புகளே கெட்டு, கைகால் விறைத்தன என்பது 1983 இல் வெளிப்பட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2023 இல், வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராமே மேலெல்லை என வகுத்தது. விறைப்புக்கு உண்ட மருந்தே விறைப்பைத் தருமாயின், நோய் எது, மருந்து எது என்று பிரித்தறிவது எங்ஙனம்? வாழைப்பழமும் கடலையும் மீனும் உண்போர்க்கு வேண்டிய அளவு உணவிலேயே கிடைத்துவிடும்.

பெயர் அறியாத சூரணங்களிடத்தும் விழிப்பு வேண்டும். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பகுதியில் விற்பனையான தெற்காசிய மூலிகை மருந்துகள் எழுபதை ஆராய்ந்தபோது, பதினான்கில் ஈயமோ, இரசமோ, ஆசனிக்கோ இருந்தமை 2004 இல் வெளியாயிற்று. ஈய நஞ்சு மிகுந்தால் மணிக்கட்டே நிமிராது தொங்கிவிடும். ஆதலின், முற்றத்து இலையை நம்பலாம். முகவரியில்லாப் போத்தலை நம்பலாகாது.

இவையெல்லாவற்றினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது மூலிகையிலே இல்லை, காலத்தாழ்விலே உள்ளது.

எனக்கு மூத்த ஆசிரிய நண்பர் ஒருவர் இருக்கின்றார். இதே நோவுக்கு இரண்டாண்டு எண்ணெய் பூசினார். மூன்றாம் ஆண்டில், “நோவு போய்விட்டது, எண்ணெய் வென்றுவிட்டது” என்று மகிழ்ந்து சொன்னார். சில திங்களில் வெண்கட்டி அவர் விரலிடையே நில்லாது நழுவிற்று. சட்டைத் தெறி பூட்ட இயலவில்லை. பெருவிரலின் அடிச்சதை பள்ளமாயிற்று. நோவு போனது நோய் தீர்ந்தமையால் அன்று. நோவைச் சொல்லவேண்டிய நரம்பே சோர்ந்துவிட்டமையால். சத்திர சிகிச்சையாற் கூரைப்பட்டியை அறுத்து நரம்புக்கு இடம் செய்தார்கள். இரவு நோவு மீளவில்லை. விறைப்பும் ஓரளவு குறைந்தது. இழந்த சதை முழுவதும் திரும்பவில்லை. அழகிய கையெழுத்துக்குப் பெயர்பெற்ற அவர், இன்று தம் கடிதங்களைப் பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கின்றார்.

என் கை தப்பிற்று. ஆறு வாரம் இரவிலே தாங்குபட்டை அணிந்தேன். விடைத்தாள்களைத் தொடர்ந்து திருத்தாது இடையிடையே கைக்கு ஓய்வு கொடுத்தேன். குருதியிற் சர்க்கரையையும் தைரொயிட்டுச் சுரப்பையும் சோதித்துக்கொண்டேன். மார்கழிக் குளிரில் உளைவு எழுமாயின் நொச்சி ஒற்றடம் இன்றும் உண்டு. அதனை யான் விட்டுவிடவில்லை. அதன் வேலை எது என்பதை அறிந்துகொண்டேன். அது நோவைத் தணிக்கும், வழியை அகலமாக்காது.

நாள் முழுதும் எழுதும் ஆசிரியர்களும், கணினியின் முன் அமரும் மாணாக்கரும், வீட்டிலே இடியப்பம் பிழிந்து திருவலையில் தேங்காய் துருவும் பெண்மக்களும் இதனை மனங்கொள்ளல் வேண்டும். இன்றிரவு உறங்கப் போகுமுன் இரு கைகளையும் விளக்கொளியில் விரித்து, பெருவிரலடிச் சதை இரண்டிலும் ஒத்திருக்கின்றதா என்று பாருங்கள். சட்டைத் தெறியைப் பார்க்காமலே பூட்டிப் பாருங்கள். சதை குறைந்திருப்பினும், தெறி நழுவினும், பகலிலும் விறைப்பு நீங்காதிருப்பினும், நொச்சியிலை காத்திருக்கட்டும். முதலில் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.