அழகாத்தான் தொங்குது... ஆனா, ஜாக்கிரதை!

கொடைக்கானல் போயிருக்கிறீர்களா? வீட்டு வேலியோரத்திலும் ஓடைக்கரையிலும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த ஒரு செடியைப் பார்த்திருப்பீர்கள். சாணுக்கும் மேல் நீளமான வெள்ளைப் பூக்கள், மணி மாதிரி தலைகீழாகத் தொங்கும். சாயங்காலமானால் கமகமவென்று வாசனை! 'ஒரு குச்சி ஒடிச்சுட்டுப் போய் நம்ம வீட்டுல வச்சா என்ன?' என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

நர்சரிகளில் 'ஏஞ்சல்ஸ் ட்ரம்பெட்' என்று சொல்லப்படும் இது, நம்ம ஊர் ஊமத்தையின் நெருங்கிய சொந்தம். ஊமத்தம்பூ வானத்தைப் பார்க்கும். இது பூமியைப் பார்க்கும். பூர்வீகம் தென் அமெரிக்கா. மலைக்குளிர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டது.

எதில் விஷம்?

பூ, இலை, விதை, வேர் எல்லாவற்றிலும்தான்! அட்ரோபின், ஸ்கோபாலமின் போன்ற நச்சுப்பொருட்கள் இதில் உண்டு. 'அட்ரோபின் கண் டாக்டர் விடுற சொட்டு மருந்தாச்சே?' என்று கேட்கலாம். நிஜம்தான். ஆனால், டாக்டர் அளந்து கொடுக்கிறார். செடிக்கு ஏது அளவு? ஒரு செடியில் இருக்கிற விஷம் இன்னொன்றில் இருக்காது. அதனால் கைவைத்தியம், பூ டீ எதுவும் வேண்டவே வேண்டாம்.

குழந்தைகள் பூவைப் பிய்த்துத் தேன் உறிஞ்சினாலும் ஆபத்துதான். வாய் வறளும், முகம் சிவக்கும், கண்பாவை விரியும், நெஞ்சு படபடக்கும், சிறுநீர் கழிக்க முடியாது. பிறகு சம்பந்தமில்லாமல் உளற ஆரம்பிக்கும். உயிருக்கே உலை வைக்கலாம்.

என்ன செய்யணும்?

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயிலிருப்பதைத் துடைத்தெடுத்துவிட்டு, 108-க்கு போன் செய்யுங்கள். செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு உதவும்.

வளர்க்கவே கூடாதா?

வாண்டுகளும் ஆடு மாடுகளும் இல்லாத வீடென்றால் தாராளமாக வளர்க்கலாம். கீரைப் பாத்தி பக்கத்தில் மட்டும் வேண்டாம். கிளை வெட்டும்போது கையுறை அவசியம். சாறு பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் பாவை விரிந்து பார்வை மங்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெட்டிய கிளைகளை மாட்டுக்கொட்டில் பக்கம் போடாதீர்கள்.

வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறதா? அப்படியானால் இந்த அழகைக் கொடைக்கானலிலேயே ரசித்துவிட்டு, போட்டோவோடு திரும்பி வாருங்கள்!