நெய்தற் படகும் வானலைத் தொடர்பும்

கடலிற் செல்லும் படகிலிருந்து கரையிலுள்ளாரோடு தடையின்றிச் செய்தி பரிமாறிக்கொள்வது எங்ஙனம் என்னும் வினா, பாய்ப்படகேறி உலகைச் சுற்றிவரும் செல்வர்க்கே உரியது என்று யான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்பதைச் சென்ற தைத்திங்களில் ஒரு விடியற்காலையில் உணர்ந்தேன். என் வகுப்புத் தோழர் ஒருவரின் இல்லம் காட்டுப்பள்ளியை அடுத்த மீனவர் குப்பமொன்றில் உளது. பொங்கல் விடுமுறையில் யான் அங்குத் தங்கியிருந்தபோது, அவர் தந்தையார் தம் ஃபைபர் படகில் எங்கள் இருவரையும் உடன் அழைத்துச் சென்றார். கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல, முதலிற் குப்பத்துக் கூரைகள் மறைந்தன. பின்னர்ச் சவுக்குத் தோப்பு மறைந்தது. துறைமுகத்துப் பளுதூக்கிகளும் அனல் மின்நிலையத்துப் புகைபோக்கிகளும் மட்டுமே நீர்மேல் நட்டுவைத்தாற்போல நின்றன. அப்பொழுது பெரியவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டி, “தம்பி, டவரு ரெண்டு கோடு காட்டுது, ஆனா போன் போவமாட்டேங்குது. என்னா காரணம்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க” என்றார்.

யான் படித்தது தமிழ். இவ்வினாவுக்கு விடையாகும் நூற்பா ஒன்றும் தொல்காப்பியத்தில் இல்லை. நாணி வாளா இருந்தேன். கல்லூரிக்கு மீண்டபின் பௌதிக வகுப்பு நண்பர்களையும் நூல்களையும் அணுகி அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன். இக்கட்டுரை அப்பெரியவருக்கு யான் காலம் தாழ்த்துக் கூறும் விடை.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளுதல் வேண்டும். படகில் வைஃபை வேண்டும் என்பார் பலர். வைஃபை யாது என்று எண்ணிப் பார்ப்பார் சிலரே. கிணற்றிலிருந்து நீரை இறைத்து இல்லத்துக்குக் கொணர்தல் ஒரு தொழில். கொணர்ந்த நீரைக் குடத்திலிருந்து மொண்டு வீட்டார்க்கு அளித்தல் மற்றொரு தொழில். வைஃபை இவற்றுள் இரண்டாவது தொழிலை மட்டுமே செய்வது. ஒரு வீட்டுக்குள்ளோ படகுக்குள்ளோ சில பத்து மீட்டர் எல்லைக்குள் கருவிகளை ஒன்றோடொன்று இணைப்பதே அதன் பணி. கரையிலிருந்து படகுவரை செய்தியைக் கொணர்வது கைப்பேசிக் கோபுரமோ, வானிற் சுழலும் செயற்கைக்கோளோ ஆம். கிணறு வற்றிக் கிடக்கக் குடத்தை மாற்றிப் பயன் என்னை? விலையுயர்ந்த ரூட்டரை வாங்கிப் படகில் வைத்தும் தொடர்பு கிட்டவில்லையே என்று வருந்துவார் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டவரே.

இனிக் கிணற்றைப் பற்றிக் கூறுவேன். குப்பத்துக் கூரை முன்னரும் பளுதூக்கி பின்னரும் மறைவது நிலவுருண்டையின் வளைவினாலன்றோ? கைப்பேசியின் அலைகளும் ஒளியைப் போலவே ஏறத்தாழ நேரே செல்வன. கடலின் வளைவு அவற்றையும் மறைக்கும். காற்றினூடு செல்லுங்கால் சற்றே வளைதலின், ஒளி எட்டும் எல்லையைக் காட்டிலும் சிறிது அப்பாற் செல்லும், அவ்வளவே வேறுபாடு. ஒரு பொருள் கடல்மட்டத்துக்கு மேல் எத்துணை மீட்டர் உயரத்தில் உளதோ, அவ்வெண்ணின் வர்க்கமூலத்தை 4.12-ஆற் பெருக்கினால், அதன் வானலை எல்லை கிலோமீட்டரிற் கிடைக்கும். கரையில் 40 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு அது 26 கிலோமீட்டர். படகில் அமர்ந்தவர் கையில், நீர்மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டரில் உள்ள கைப்பேசிக்கு 5 கிலோமீட்டர். இரண்டையுங் கூட்ட 31 வரும். அதே கைப்பேசியை 5 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் அதன் பங்கு 9 கிலோமீட்டராகும். செலவொன்றுமின்றி 4 கிலோமீட்டர் மிகுதியாயிற்று.

உயரத்தின் இப்பெருமையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். கடற்றுறையில் வானளாவிய மாடத்தின்மேல் இரவில் விளக்கேற்றி, துறை காணாது மயங்கும் கலங்களை அழைத்த செய்தி பெரும்பாணாற்றுப்படையில் வருகின்றது. மாடத்தை ஓங்கச் செய்தற்கும் கோபுரத்தை ஓங்கச் செய்தற்கும் காரணம் ஒன்றே.

ஆயின் 31 கிலோமீட்டர் என்பது ஏட்டுக் கணக்கு. எங்கள் படகில் 12 கிலோமீட்டர் அளவிலேயே பேச்சு நின்றுவிட்டது. காரணங்கள் பல. கோபுரத்தின் ஆன்டெனாக்கள் ஊரிலுள்ளாரை நோக்கிச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து அமைக்கப்படுவன. மீனுக்குக் கைப்பேசி இல்லையாதலின் கடலை நோக்கி அவற்றைத் திருப்புவார் அரியர். நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறிக்கும் அலை, நேரே வரும் அலையோடு மோதி அதனை மெலிவிப்பதும் உண்டு. இவற்றினும் முதன்மையான காரணம் ஒன்றுளது. பெரியவர் வினாவுக்கு விடை அதுவே. கோபுரம் பல வாட்டு ஆற்றலோடு பேசுவது. கைப்பேசியோ ஒரு வாட்டில் ஐந்திலொரு பங்கு அளவே பேசவல்லது. எனவே கோபுரத்தின் குரல் கைப்பேசிக்குக் கேட்கும். கைப்பேசியின் குரல் கோபுரத்துக்குக் கேளாது. திரையிலுள்ள கோடுகள் நாம் கேட்கும் அளவைக் காட்டுவனவேயன்றி, நாம் கேட்கப்படும் அளவைக் காட்டுவன அல்ல. இரண்டு கோடு நின்றும் பேச்சுப் போகாமை இதனால்தான்.

நிற்க. அன்று என் தோழர் செய்த செயலொன்றைச் சொல்லாமல் விடுதல் தகாது. வலையின் அடையாளக் கொடிக்கென்று படகிற் கிடந்த மூங்கிற்கழியை எடுத்தார். தம் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அதனை நீர் புகாத பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கழியின் நுனியிற் கட்டி நிமிர்த்து நாட்டினார். மேலுள்ள கைப்பேசி கோபுரத்தோடு உறவாட, கீழே தந்தையார் கையிலிருந்த கைப்பேசி வைஃபை வழியாக அதனோடு உறவாடிற்று. அடுத்த சில நொடிகளில், நின்றிருந்த வாட்சாப் செய்திகள் புறப்பட்டுப் போயின! பிளாஸ்டிக் உறை அலைகளைத் தடுப்பதில்லை. ஆயினும் வெயில் ஏறியபின் உறைக்குள் வெப்பம் மிக்குக் கைப்பேசி தானே அணைந்துவிட்டமையால், இவ்வுத்தி காலைப்பொழுதுக்கே ஏற்றது என்று கண்டோம்.

பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் வாழ்வோர் செய்வதும் இதன் விரிவே. மரத்தின் உச்சியில் ஆன்டெனாவை வைப்பர். இங்கு இரு பிழைகள் நேர்வதுண்டு. உச்சியில் ஆன்டெனாவையும் கீழே அறையில் ரூட்டரையும் வைத்து, மெல்லிய ஆன்டெனாக் கம்பியால் இணைப்பது ஒன்று. பத்து மீட்டர் நீளம் இறங்குவதற்குள் பெற்றதிற் பெரும்பகுதி கம்பியிலேயே அழியும். கருவியையும் உச்சியிலேயே வைத்து, மின்சாரத்தையும் செய்தியையும் ஒரே வலையமைப்புக் கம்பியில் ஏற்றியிறக்குதல் நன்று. மற்றது, மிக வலிய ஆன்டெனாவே சிறந்தது என்று கருதுதல். வலிமை மிக மிக அதன் அலைக்கற்றை தட்டையாகும். படகு சாயுந்தோறும் அக்கற்றை ஒருகால் வானையும் ஒருகால் நீரையும் நோக்கும். ஆடும் கலத்துக்கு நடுத்தர வலிமையே தகும். துறையிற் கட்டிய படகுக்குக் கரையிலுள்ள வைஃபையைப் பிடித்துக்கொள்வது எளிது. பலர் பகிர்ந்துகொள்ளும் இடமாதலின் மாலை வேளையில் அது நத்தையாகும் என்பது தவிர அதுபற்றிக் கூறவேண்டுவது இல்லை.

இவையெல்லாம் செய்தும் நம்பிக்கை முழுமையாகாது. கரைக் கோபுரமே ஊமையாதலும் உண்டு. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரையேறியபோது நகரிற் பல பகுதிகளிற் கைப்பேசிகள் பேச்சிழந்தன. ஆதலின் உயிர்காப்புக்கு வைஃபை ஒன்றையே நம்பிக் கடலேறுதல் பேதைமை என்பது என் கருத்து. 156.8 மெகாஹெர்ட்ஸில் அமைந்த 16-ஆம் அலைவரிசை வி.எச்.எஃப். கருவிக்குக் கோபுரம் வேண்டா. ஒருவர் கூவினால் எல்லைக்குள் உள்ள கலம் எல்லாம் கேட்கும்.

கோபுரத்தின் எல்லைக்கு அப்பால், வானமொன்றே துணை. நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பனபோற் சுழலும் செயற்கைக்கோள்கள் பெரும்பரப்பை நோக்குவன. ஆயினும் வினா சென்று விடை மீள ஏறத்தாழ அரை நொடி கழியும். ஸ்டார்லிங்க் போன்றன 550 கிலோமீட்டர் அளவிலேயே பறத்தலின் இத்தாமதம் இல்லை. ஒரு கோள் விரைந்து மறைய மற்றொன்று வந்து தொடர்பை ஏற்கும். விரும்பிய கருவியை வாங்கி நம் கடலில் இயக்கிவிடலாம் என்று எவரும் எண்ணற்க. துராயா, இரிடியம் ஆகிய செயற்கைக்கோள் தொலைபேசிகளை அரசின் இசைவின்றி இந்தியாவுக்குள் கொணர்தல் குற்றம். அயல்நாட்டுப் பாய்ப்படகினர் சிலர் இதனை அறியாது இடர்ப்படுவர். கப்பல்களில் இணையத்தொடர்பு அளிப்பதற்கான விதிகள் 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாயின. ஸ்டார்லிங்க்குக்கு 2025 ஜூனில் உரிமம் வழங்கப்பட்டது.

மீனவர்க்கு இவ்வானத்துணை எங்ஙனம் வந்தது என்பதே யான் வருத்தத்தோடு அறிந்த பகுதி. 2017 நவம்பர் இறுதியில் குமரிமுனையருகே ஒக்கி புயல் உருவானபோது, தூத்தூர் முதலிய ஊர்களின் ஆழ்கடற் படகுகள் பல நாள் முன்னரே கடலேறியிருந்தன. எச்சரிக்கை கரையில் ஒலித்தது. கடலில் உள்ளார்க்கு எட்டவில்லை. தமிழகத்தும் கேரளத்தும் நூற்றுக்கணக்கான மீனவர் இறந்தனர் அல்லது மீளவில்லை. இத்துயரத்தின் பின்னரே நாவிக் செய்திக் கருவியும், 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் கருவியும் வந்தன. ஜெமினி, ககன் என்னும் செயற்கைக்கோள் அமைப்பின் வழியே வரும் புயற்செய்தியைப் பெற்றுக் கைப்பேசிக்கு அளிப்பது. நற்கருவியே, எனினும் அது கேட்கும், பேசாது. “புயல் வருகின்றது” என்னும் செய்தி படகை எட்டும். “எஞ்சின் நின்றுவிட்டது, வந்து மீட்க” என்னும் செய்தி கரையை எட்டாது.

கேட்கப்படுதலின் அருமைக்கு நம் நகரத்தோடு தொடர்புடைய பழங்கதை ஒன்றுளது. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பலை நம்மவர் இன்றும் மறந்திலர். அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள் அது கொக்கோசுத் தீவை அணுகிற்று. அங்குள்ள நிலையத்தார் உதவி வேண்டிக் கம்பியில்லாத் தந்தி விடுத்தனர். எம்டன் தன் கருவியால் இரைச்சல் எழுப்பி அச்செய்தியை அமுக்க முயன்றது. எனினும் அது கேட்டது. சிட்னி என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் விரைந்து வந்து எம்டனை அழித்தது.

இருவழிக் கருவியாகிய டிரான்ஸ்பாண்டர் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ஆம் நாள் மகாராட்டிரத்துப் பால்கரில் தொடங்கப்பெற்றது. ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாய் மதிப்பீட்டில் இஸ்ரோவின் நுட்பத்தால் அமைந்தது இது. படகினர் தம் கைப்பேசியிலுள்ள நப்மித்ரா செயலியை ப்ளூடூத் வழியே கருவியோடு இணைத்துக் குறுஞ்செய்தி விடுக்கலாம். இடருற்றால் அபாயக்குறியும் அனுப்பலாம். திரைப்படம் காண இது உதவாது. இரு சொல் அனுப்ப உதவும். கடலிடை நம்பத்தக்க தொடர்பு என்பதற்கு விரைவைக் காட்டிலும் இதுவே அளவுகோல் என்று யான் கருதுகின்றேன்.

காட்டுப்பள்ளிக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால், ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா உளது. நாவிக் கோள்கள் அங்கிருந்தே ஏவப்பெற்றன. ஏவும் நாளிற் குறித்த கடற்பகுதிக்குச் செல்லற்க என்று இக்குப்பத்தாருக்கு அறிவிப்பு வரும். அவர் கரையில் நின்று அத்தீச்சுவடு வானேறுவதைக் காண்பர். “எத்தினி தபா பாத்துட்டேன் தம்பி” என்றார் பெரியவர்.

அன்று நண்பகல் யாங்கள் மீண்டோம். பளுதூக்கிகளின் அடிப்பாகம் கண்ணுக்குப் புலப்பட்ட அளவில், அவர் சட்டைப்பையிலிருந்த கைப்பேசி அடுத்தடுத்து ஏழுமுறை ஒலித்தது. முதற்செய்தி காலை எட்டு மணிக்கு அவர் மனைவியார் அனுப்பியது: உண்ண எத்துணைப் பேர் வருவீர் என்று கேட்டிருந்தார்.