பாலில் சிக்கனம் எவர் கிண்ணத்தில்?

மாதக் கடைசியிலே வீட்டுக் கணக்கைக் கூட்டிப் பார்க்கும் குடும்பத் தலைவியிடம், நெஞ்சை உறுத்தும் செலவு எதுவென்று கேட்டுப் பாருங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீடாயின், பாற்செலவு என்றே விடை வரும். அரிசி விலை ஏறினால் ஒருவேளை மரவள்ளிக் கிழங்கை அவிக்கலாம். மீன் விலை ஏறினால் கீரையைக் கடையலாம். பிள்ளையின் பாற்கிண்ணத்தை எதனால் நிரப்புவது?

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை நம்மவர் எளிதில் மறக்கமாட்டார்கள். 400 கிராம் பால்மாப் பொதி ஒன்று ஒரே அறிவிப்பில் 250 ரூபாவால் ஏறி 790 ரூபாவாயிற்று. உணவுச்சாலைகளிலே ஒரு கோப்பைப் பால் தேநீர் 100 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் பொதி கிடையாது கடைக்குக் கடை அலைந்த தகப்பன்மார் பலர். இத்தகைய நெருக்கடி வரும்போதெல்லாம் சமையலறையில் ஓசையின்றி நிகழ்வது ஒன்று உண்டு. மூன்று கரண்டி மாக் கரைத்த குவளையில் இரண்டு கரண்டி விழும்; பிறகு ஒன்றரை. தண்ணீரின் அளவு மட்டும் குறைவதில்லை. பிள்ளையும் குடித்துவிட்டு உறங்கிவிடும். வயிறு நிறைந்தது உண்மை; உடல் வளர்ந்ததா?

சிக்கனம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அது வீட்டில் எவருடைய கிண்ணத்திலிருந்து தொடங்கவேண்டும் என்பதையே நாம் இங்கு சிந்திக்க விரும்புகிறோம்.

தாயின் பங்கு

குழந்தை பிறந்து ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை. அதன் பின்னர் மசித்த சோறு, பருப்பு, மீன், முட்டை, கீரை, பழம் ஆகியவற்றோடு, இரண்டு வயது வரையும் அதற்கு அப்பாலும் தாய்ப்பால் ஊட்டலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இப்பாலுக்கு விலையில்லை என்று சொல்வதுண்டு. அதன் விலையைத் தாயின் உடல் கொடுக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நம் வீடுகளிலே யாவரும் உண்டெழுந்த பின், சட்டியில் மிஞ்சியதை வழித்து உண்பவள் பெரும்பாலும் தாயே. பாலூட்டுபவளின் மீனையும் முட்டையையும் குறைத்து மிச்சம் பிடிக்கும் வீடு, வேருக்கு நீர் விடாமல் காய்க்குக் காத்திருக்கும் தோட்டக்காரனை ஒக்கும். கிளினிக்கில் அவளுக்கென்று திரிபோஷ கொடுக்கப்படின் அதை அவளே உண்ணட்டும். வீட்டார் அனைவருக்கும் உருண்டை பிடித்துப் பங்கிடலாகாது.

தாய்ப்பால் ஊட்ட இயலாத நிலை சிலருக்கு நேரிடலாம். அத்தாய்மாரைக் குறைகூறுதல் தகாது. அவர்களின் சிசுவுக்கு வைத்தியர் குறிப்பிடும் குழந்தைப் பால்மாவை, தகரத்தில் எழுதியுள்ள அளவுப்படியே கரைக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குச் சாதாரணப் பால்மாவும் பசுப்பாலும் அதற்கு ஈடாகா. ஒரு வயது நிறையுமுன் அவற்றைக் கொடுக்க எண்ணுவோர் வைத்தியரைக் கேட்டுச் செய்தல் நன்று.

எவ்வளவு வேண்டும்?

ஒரு வயது கடந்த பிள்ளை வீட்டாரோடு அமர்ந்து உண்ணும் பிள்ளை. அதற்கு நாளொன்றுக்கு இரண்டு குவளை, அதாவது 350 முதல் 400 மில்லிலீற்றர் வரை பால் போதுமானது. அரை லீற்றருக்கு மேலே குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றில் நாட்டம் குறையும். பாலில் இரும்புச்சத்து மிகச் சொற்பமாதலால் குருதிச்சோகையும் ஏற்படக்கூடும். ஆகவே மூன்றாம், நான்காம் குவளைகளை நிறுத்துவது பிள்ளைக்குச் செய்யும் வஞ்சகமன்று.

சிறு பிள்ளைகளின் வளர்ச்சிக்கென்றே தனியாக விற்கப்படும் விலை கூடிய பால்மாக்களையும் சற்றுச் சிந்தித்து வாங்கவேண்டும். 12 முதல் 23 மாதம் வரையான பிள்ளைகளுக்கு அவற்றைப் பரிந்துரைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. கொழுப்பு நீக்காத சாதாரணப் பாலே அவர்களுக்குப் போதும்.

கணக்குப் பார்ப்போம்

மாணவர்களும் போடக்கூடிய கணக்கொன்று. ஒரு லீற்றர் முழுப்பாலில் நீரை நீக்கினால் ஏறக்குறைய 130 கிராம் எஞ்சும். எனவே 400 கிராம் பொதியிலிருந்து பெறக்கூடிய பால் மூன்று லீற்றர். 750 மில்லிலீற்றர் கொண்ட போத்தலாயின் நான்கு போத்தல். பொதியின் விலையை நான்கால் வகுத்தால் ஒரு போத்தல் பாலின் விலை தெரியும். 790 ரூபாப் பொதியில் அது 197 ரூபா 50 சதம். அயலிலே பசு வளர்ப்பவர் அதற்குக் குறைந்த விலையில் தண்ணீர் கலவாத பால் தருவாராயின் அதுவே இலாபம். கொண்டுவந்த உடனே நன்கு பொங்கக் காய்ச்சி மூடிவைக்கவேண்டும். மிஞ்சியதை மாலையில் உறையிட்டால் மறுநாள் தயிர். ஒரு துளியும் வீணாகாது.

இனி, வீட்டில் மா எங்கே செல்கிறது என்று பார்ப்போம். ஒரு கோப்பைப் பால் தேநீருக்குக் குவித்து அள்ளும் இரண்டு தேக்கரண்டி மா ஏறக்குறைய 10 கிராம். மூன்று பெரியவர்கள் தலைக்கு மூன்று கோப்பை குடித்தால் நாளொன்றுக்கு 90 கிராம். பிள்ளையின் உதடு படுமுன்னரே பொதி ஐந்தாம் நாளில் தீர்ந்துவிடும். காலையில் ஒரு கோப்பையைப் பாலோடு பருகி, மற்ற இரண்டையும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந் தேநீராகக் குடித்தால், மாதத்தில் 1,800 கிராம் மிஞ்சும். அது நான்கரைப் பொதி. 2022 இன் அந்த விலையில் 3,555 ரூபா. அப்புவும் ஆச்சியும் முதலில் முகஞ்சுளிக்கலாம். பேரப்பிள்ளைக்கென்று சொன்னால் மறுக்கமாட்டார்கள்.

வெளுத்ததெல்லாம் பாலன்று

ரின்பாலில் ஏறக்குறைய பாதி சீனியே. அதைக் கரைத்துப் பிள்ளைக்குப் பாலென்று ஊட்டலாகாது. சொதிக்கு விடும் தேங்காய்ப்பாலும் பெயரளவில் மட்டுமே பால். பசுப்பாலிலுள்ள சுண்ணாம்புச்சத்து அதில் இல்லை. பாலுக்குப் பதிலாகத் தேநீரைக் கொடுத்தல் இன்னும் தீது. உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தேயிலை தடுக்கும்.

பால் குறைந்த நாட்களில் கைகொடுப்பவை வேறு உள்ளன. 100 கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அது முழுவதும் உடலிற் சேராதெனினும் குரக்கன் கூழும் பிட்டும் நல்லுணவே. முள்ளோடு இடித்துச் சோற்றிற் பிசைந்த நெத்தலிக் கருவாடும், வேலியோரத்து முருங்கையிலையும் அவ்வாறே. கருவாட்டை நன்கு ஊறவைத்து உப்பை நீக்கியே பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும்.

ஒரு குவளைப் பாலுக்கு மூன்று மேசைக்கரண்டி மா என்றால் மூன்றே விழவேண்டும். மூன்றுக்கு வழியில்லாத நாளில், அதே மாவைக் கொண்டு அரைக் குவளையைச் சரியாகக் கரைத்துக் கொடுத்து, மீதிப் பசிக்குக் கூழைக் கொடுப்போம். தண்ணீர் சேர்த்த முழுக்குவளை பிள்ளையை ஏமாற்றுவதைவிட நம்மையே அதிகம் ஏமாற்றுகிறது. கிளினிக்கில் பிள்ளையை நிறுத்துக் குறிக்கும் புத்தகம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. மாதக் கடைசியில் வீட்டுக் கணக்கை விரிக்கும்போது அதையும் பக்கத்தில் விரித்துவைப்போம். செலவுக் கோடு இறங்கி, பிள்ளையின் நிறைக்கோடு ஏறியிருந்தால் நமது சிக்கனம் நற்சிக்கனமே. இரண்டும் சேர்ந்து இறங்கியிருப்பின், எவர் கிண்ணத்தில் கைவைத்தோம் என்று அன்றிரவே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.