அப்பா விட்டுப்போன டெட் ஸ்டாக்!

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு என்று கணக்குப் போடத் தோன்றும். வீட்டில் சீனி குறைந்தால்கூட, "இருப்பில் வித்தியாசம் இருக்கே" என்பேன். "போய் எறும்புகிட்ட வவுச்சர் கேளு" என்பாள் அம்மா.

இந்த வியாதி ஒரு நாள் எங்கள் வீட்டுப் பையன் ஒருவனைக் காப்பாற்றியது. அந்தக் கதைக்கு முன்னால் உங்களுக்கு ஒரு வேலை. இன்றைக்கு ஆபீஸ் விட்டுப் போனதும் உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். 'எங்க வீட்ல அப்படி ஒண்ணும் இல்லையே' என்று சொல்லாதீர்கள். ஃப்ரிட்ஜ் தலையில் இருக்கும். இல்லாவிட்டால் பீரோவில், பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் இருக்கும். எல்லா வீட்டிலும் இருக்கிறது.

எனக்கு ஊர் ஓட்டப்பிடாரம். வ.உ.சி. பிறந்த மண். எங்கள் வீட்டு மருந்து டப்பா, எப்போதோ தூத்துக்குடியிலிருந்து மக்ரூன் வாங்கி வந்த டப்பா. மக்ரூன் ஒரே நாளில் தீர்ந்தது. டப்பா எட்டு வருஷமாக இருக்கிறது.

அதன் இருப்பு நிலவரம் வருமாறு:

காய்ச்சல் மாத்திரை 4. பெயர் தெரியாத மஞ்சள் மாத்திரை 5. பாதி குடித்த இருமல் சிரப் 1 (மூடி ஒட்டிக்கொண்டுவிட்டது, திறக்க இடுக்கி வேண்டும்). பக்கத்து வீட்டு அத்தை, "டாக்டர் மாத்திரைய மாத்திட்டாவ, ஒனக்கு ஆவும், வச்சிக்கோ" என்று அம்மாவுக்குத் தானமாகத் தந்த சுகர் மாத்திரை ஒன்றரை அட்டை. வீட்டில் யாருக்கும் சுகர் கிடையாது!

இன்னொரு வேடிக்கை. கடையில் 'நாலு மாத்திரை குடுங்க' என்றால் அட்டையைக் கத்தரித்துத் தருகிறார்கள் இல்லையா? மருந்தின் பெயர் நம் பக்கம் வரும், காலாவதித் தேதி கடைக்காரர் பக்கம் போய்விடும். பாகப்பிரிவினை மாதிரி!

இவற்றுக்கெல்லாம் அடியில், ஒரு பிளாஸ்டிக் பையில் அப்பாவின் மாத்திரைகள் இருந்தன.

30 - 14 = 16

அப்பாவுக்குப் புற்றுநோய். கடைசி மாதங்களில் வலி தாங்க முடியாமல் டாக்டர் டிரமடால் எழுதிக் கொடுத்தார். ஒரு நாள் சாயங்காலம் மூன்று அட்டை, முப்பது கேப்ஸ்யூல் வாங்கி வந்தேன். மறுநாள் காலையில் அப்பா இல்லை.

முப்பதும் அப்படியே இருந்தது. தூக்கிப்போட மனசு வரவில்லை. அவருக்காக நான் கடைசியாக வாங்கிய பொருள் அதுதான். அம்மாவும், "காசு குடுத்து வாங்குனது, ஆருக்காவது ஒதவும்" என்றாள். வியாபாரத்தில் இதற்கு டெட் ஸ்டாக் என்று பெயர். விற்காது, பயன்படாது, இடத்தை மட்டும் அடைக்கும். கணக்கில் எழுதித் தள்ளிவிட வேண்டிய சரக்கு. நான் தள்ளவில்லை. தப்பு என்னுடையது.

ஒரு வருஷம் போயிற்று. அக்கா மகன் எங்கள் வீட்டில் தங்கி பாலிடெக்னிக் படிக்க வந்தான். தங்கமான பையன். காலையில் தூத்துக்குடி பஸ், ராத்திரி கிரிக்கெட், நடுவில் கொஞ்சம் படிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மூட்டுவலி என்று படுத்துவிட்டாள். தைலம் எடுக்க டப்பாவைத் திறந்தேன். அப்பாவின் பை கையில் தட்டுப்பட்டது. வழக்கமான வியாதி... எண்ணினேன்.

பதினாலு!

மறுபடி எண்ணினேன். பதினாலுதான். பில் என்னிடம் இருக்கிறது, வாங்கியது முப்பது. அப்பா ஒன்றுகூடப் போடவில்லை. பதினாறு எங்கே?

எங்கள் கடற்கரைப் பக்கம், இலங்கைக்குப் படகில் ஏற்ற வைத்திருந்த பீடி இலை பிடிபட்டது, மஞ்சள் பிடிபட்டது, வலி மாத்திரை பிடிபட்டது என்று பேப்பரில் வரும். படித்துவிட்டு, "கடத்தல்காரப் பயலுவ" என்று பேப்பரை மடித்து வைப்பேன். இங்கே படகும் இல்லை, கடத்தல்காரனும் இல்லை. எங்கள் வீட்டுப் பீரோவிலிருந்து அடுத்த அறைக்குப் பதினாறு மாத்திரை போயிருக்கிறது!

மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் உண்மை வந்திருக்காது.

"பைக்ல இருந்து விழுந்தேம்லா மாமா... அன்னைக்குக் கால் வலி தாங்கல. தாத்தா மாத்திரை ஞாபகம் வந்துது. ஒண்ணு போட்டேன். வலி போச்சு. அது மட்டும் இல்ல, மனசுல இருந்த அரியர்ஸ் பயமும் போச்சு. பெறவு பரீட்சைக்கு முந்தின நாளு ஒண்ணு... அப்புறம் சும்மாவே..."

"இப்ப?"

"ரெண்டு நாளு போடலன்னா ஒடம்பெல்லாம் முறிச்சுப் போடுது மாமா. தூக்கம் வரமாட்டேங்கு."

பத்தொன்பது வயசு. என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்குப் பேச்சு வரவில்லை.

டாக்டர் கேட்ட ஒரே கேள்வி

மறுநாளே மனநல மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப் போனேன். அவர் பையனைத் திட்டவில்லை. "நல்லவேளை, ஆரம்பத்திலேயே வந்துட்டீங்க" என்றார்.

டிரமடால் சாதாரணத் தலைவலி மாத்திரை இல்லையாம். ஓபியாய்டு வகை, மார்ஃபினுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு மீறினால் வலிப்பு வரலாம், மூச்சே அடங்கலாம். பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் முரண்டு பிடிக்கும். 2018 ஏப்ரலில் மத்திய அரசு இதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழேயே கொண்டுவந்துவிட்டது. அதாவது, டாக்டர் சீட்டோடு அப்பாவிடம் இருந்தபோது அது மருந்து. அப்பா போன பிறகு பீரோவில் ஒரு வருஷம் கிடந்தது எதில் சேர்த்தி? நினைத்தால் முதுகு சில்லென்கிறது.

எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "மீதி பதினாலு எங்க?"

திருதிருவென்று விழித்தேன். வீட்டில்தான் இருந்தது. அதே டப்பாவில்!

எங்கே போடுவது?

முதலில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். அண்ணாச்சி மேலும் கீழும் பார்த்தார். "வித்தத திரும்ப எடுக்கிற பழக்கம் கெடையாது தம்பி. அதுலயும் இத நான் வாங்கி வச்சா நாளைக்கு எனக்குல்லா கேள்வி வரும்?" நியாயம்தான்.

குப்பையில் போடலாமா? வாசலில் தெருநாய், மாடு, பழைய சாமான் பொறுக்குகிறவர் என்று வரிசையாக வருகிறார்கள். 2010 மார்ச்சில் சென்னையில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? காலாவதியான மருந்துகளைச் சேகரித்து, தேதியை மாற்றி, மறுபடி கடைக்கே அனுப்பிய கும்பல் பிடிபட்டது. கொடுங்கையூர் குப்பைமேட்டின் பெயர் அப்போது பேப்பரில் பலமாக அடிபட்டது. குப்பைக்குப் போன சரக்கும் குதிரை மாதிரி ஓடி வரும் ஊர் இது.

"அடுப்புல போட்டு எரிச்சிரு" என்றாள் அம்மா. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் எரிகிற புகையை அவளேதான் குடிக்க வேண்டும். கிணறா, குளமா? வேண்டவே வேண்டாம். மருந்தின் கதை வயிற்றோடு முடிவதில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று, 2006-ல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்ய வேண்டி வந்ததே!

பிறகுதான் விதி என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 2025 மே மாதம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் ஆளுக்கே ஆபத்தாகக் கூடிய 17 மருந்துகளின் பட்டியல் அதில் இருக்கிறது. டிரமடால், டேபென்டடால், மார்ஃபின், ஃபென்டானில், டயசிபாம் எல்லாம் அதில் வருகின்றன. இவை மிஞ்சினால் காத்திருக்க வேண்டாம், டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள் என்கிறது. தண்ணீரில் கலப்பது நல்லதல்லதான். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை அதை எடுத்து விழுங்குகிற ஆபத்து அதைவிடப் பெரிது. இந்தச் சலுகை அந்த 17-க்கு மட்டும். கண்ட மாத்திரையையும் கொட்டக் கூடாது.

அன்று ராத்திரி பதினாலு கேப்ஸ்யூலையும் நானும் மருமகனும் சேர்ந்துதான் போட்டோம். தண்ணீர் ஊற்றியது அவன்.

கேரளாக்காரன் முந்திக்கொண்டான்

சரி, மற்ற மருந்துகளுக்கு? மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் மருந்து வணிகர் சங்கமும் சேர்ந்து, திரும்பப் பெறும் இடங்களை ஏற்படுத்த வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல்.

செங்கோட்டையைத் தாண்டினால் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். 2019-ல் திருவனந்தபுரத்தில் 'ப்ரவுட்' என்று ஒரு திட்டம். மருந்துக் கடையில் பெட்டி. மிஞ்சியதைக் கொண்டுவந்து போடலாம். 2025 பிப்ரவரியில் 'என்-ப்ரவுட்' என்று புதுப்பித்து, கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி பஞ்சாயத்திலும் தொடங்கினார்கள். அங்கே குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீட்டுக்கே வந்து வாங்கிப் போகிறார்கள். சேர்ந்ததை எர்ணாகுளத்தில் அதற்கென்று உள்ள ஆலையில் முறைப்படி எரிக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2010 முதல் பழைய மருந்தைத் திரும்ப வாங்க தனி நாளே வைத்திருக்கிறார்கள். என்னைக் கவர்ந்தது இன்னொன்று. அங்கே ஒரு பை கிடைக்கிறது. உள்ளே கரித்தூள் - ஆக்டிவேட்டட் கார்பன். மாத்திரையைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மூடினால், மருந்தைக் கரி பிடித்துக்கொள்ளும். பிறகு யாருக்கும் உபயோகப்படாது. மிச்சிகனில் ஆபரேஷன் முடிந்து போனவர்களை வைத்துச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். எதுவும் தராமல் அனுப்பினால், மிஞ்சிய வலி மாத்திரையை ஒழித்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு சுமார் 29 பேர். அறிவுரை நோட்டீஸ் கொடுத்தால் 33. பையைக் கையில் கொடுத்தால் 57!

கவனித்தீர்களா? அறிவுரைக்கு மதிப்பு 4. பைக்கு மதிப்பு 28.

எங்கள் தெரு ஆராய்ச்சி

பி.காம். ரத்தம் சும்மா இருக்குமா? நானும் மருமகனும் எங்கள் தெருவில் இறங்கினோம். கரித்தூள் பைக்கு எங்கே போவது? ஜிப் கவர், ஒன்று மூன்று ரூபாய். அதில் வடிகட்டிய டீத்தூளும் கொஞ்சம் மண்ணும். மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி அதற்குள் போட்டுக் குழப்பி மூடிக் குப்பையில் சேர்க்க வேண்டியது. டீத்தூள் மருந்தை முறிக்காது. ஆனால் அந்தச் சேற்றை எவனும் எடுத்து விழுங்கவும் மாட்டான், தேதி மாற்றி விற்கவும் மாட்டான். திரும்பப் பெறும் பெட்டி இல்லாத ஊருக்கு இதுவே போதும்.

பத்து வீட்டுக்கு நோட்டீஸ் மட்டும். பத்து வீட்டுக்கு நோட்டீஸோடு கவர். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தோம்.

நோட்டீஸ் வாங்கிய பத்தில், டப்பாவைச் சுத்தம் செய்தது ஒரே வீடு. இன்னொரு வீட்டில் நோட்டீஸின் பின்பக்கம் பால் கணக்கு எழுதியிருந்தார்கள். கவர் வாங்கிய பத்தில் ஆறு வீடு சுத்தம்! இரண்டு வீட்டில் "நாளைக்கு". ஒரு அண்ணாச்சி மழைக்குச் செல்போனைக் கவரில் போட்டுவிட்டார். நாலாவது வீட்டு மைனி வடகம் போட்டு வைத்திருந்தாள். "நல்ல கவரா இருக்குல்லா, இன்னும் ரெண்டு இருந்தா குடுங்க!"

இருபது வீட்டுக் கணக்கை வைத்து உலகத்துக்குப் பாடம் சொல்ல முடியாது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: நம் ஜனங்கள் அலட்சியக்காரர்கள் அல்ல. எங்கே போடுவது என்று தெரியாமல்தான் வைத்திருக்கிறார்கள். போட ஒரு இடம் காட்டுங்கள், போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு மெடிக்கல் ஷாப்பிலும் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. கோயில் உண்டியல் மாதிரி. போடத்தான் முடியும், எடுக்க முடியாது. கோழிக்கோட்டில் முடிந்தது தூத்துக்குடியில் முடியாதா?

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். டப்பாவை எண்ணுங்கள். வலி மாத்திரை, தூக்க மாத்திரை இருந்தால் முதலில் அவற்றைக் கவனியுங்கள். யாராவது இப்போதும் சாப்பிடுகிறார்கள் என்றால் பூட்டி வையுங்கள். இருப்பில் வித்தியாசம் வந்தால் சத்தம் போடாதீர்கள், கேளுங்கள். உதவிக்கு டெலி மனஸ் 14416. போதை மீட்புக்கு 14446. இரண்டும் இலவச எண்கள்.

மருமகன் இப்போது நன்றாக இருக்கிறான். அரியர்ஸ் இரண்டு பாக்கி. அதற்கு மாத்திரை கிடையாது, படித்துத்தான் ஆக வேண்டும் என்று அவனே சொல்கிறான்.

போன வாரம் அந்தப் பழைய டப்பாவைக் கழுவிக் காயவைத்து, தூத்துக்குடியிலிருந்து புது மக்ரூன் வாங்கி வந்து நிரப்பினேன். ராத்திரி இருப்பு: முப்பது. காலையில்: பதினாலு.

பதினாறு எங்கே என்று கேட்டேன். அம்மாவும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த வித்தியாசத்தை மட்டும் சந்தோஷமாக எழுதித் தள்ளிவிட்டேன்!