ஈரலில் கிருமி, சிறுநீரகத்தில் சேதம்

"செங்கமாரி மாறிவிட்டது, இனிப் பயமில்லை" என்று முகத்துவாரத்தில் வந்து தங்கியிருக்கும் பெற்றோர் எம்மிடம் சொல்வதுண்டு. 2009இல் வவுனியா முகாம்களில் தண்ணீரால் பரவிய ஏ வகைக்கு அது சரி, மாறினால் மாறியதுதான். இரத்தத்தால் தொற்றும் பி வகை வேறு. எமது நாட்டில் அது குறைவு. ஆனால் சிறுபிள்ளைக்குத் தொற்றினால், கண் மஞ்சளாகாமலே பல வருடம் உடலில் தங்கிவிடும்.

அப்போது கிருமியின் துணுக்குகளும் அவற்றை எதிர்க்கும் பொருள்களும் ஒட்டிக்கொண்டு சிறுநீரகத்தின் வடிகளில் படிகின்றன. அரிதட்டின் கண் பெருத்தால் மாவோடு தவிடும் விழுமல்லவா? அவ்வாறே உடலில் நிற்கவேண்டிய புரதம் சலத்தோடு போய்விடுகிறது. தொடக்கத்தில் சலப் பரிசோதனையில் மட்டுமே இது தெரியும். சலம் நுரைப்பதும், காலையில் கண்மடல் அதைப்பதும், கால் வீங்குவதும் பிறகுதான். அதையும் பூச்சிக் குணமென்று நாள் கடத்துகிறோம்.

இவ்வகை வீக்கத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டீரொயிட் மருந்து பி கிருமியைப் பெருகச் செய்யலாம். எனவே தாய்க்கோ பிள்ளைக்கோ கிருமி இருந்தால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கிருமி அடங்கினால் பல பிள்ளைகளில் சிறுநீரகமும் தேறுகிறது.

தாய்வானில் 1984இல் தடுப்பூசி தொடங்கியபின் பிள்ளைகளில் இந்நோய் அருகிவிட்டது. இலங்கையில் 2003 முதல் படிப்படியாக வந்தது. 2, 4, 6 மாதங்களில் போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்கள் பலர் இன்று தாய்மார். கர்ப்பத்திலேயே இரத்தத்தைச் சோதிக்கக் கேளுங்கள். கிருமி இருந்தால் பிள்ளை பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் ஊசி போடவேண்டும். இடம்பெயர்வில் கிளினிக் அட்டை தொலைந்திருந்தால் குடும்பநல மாதுவிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.